ஸ்பிரிங் முடியை வெட்டாத கதை

பிஸ்கட் தொழிற்சாலையில் ஒரு முடி கிடைத்தால், அது யாருடையது என்று கண்டுபிடிக்க அரை நாள் ஆகும். ஆளாளுக்குக் கையை விரிப்பார்கள். கடைசியில் எல்லோரையும் பொதுவாக ஒரு திட்டுத் திட்டிவிட்டு விட்டுவிடுவார்கள். அன்றைக்குக் கிடைத்த முடிக்கு விசாரணையே தேவைப்படவில்லை. பாக்கெட்டுக்குள் அடைபடப் போன பிஸ்கட்டின் மேல் அது மூன்று சுற்றுச் சுருண்டு உட்கார்ந்திருந்தது. இருபத்தாறு பேர் வேலை செய்யும் பேக்கிங் வரிசையில் அப்படிப்பட்ட முடிக்குச் சொந்தக்காரி ஒருத்திதான். எல்லோரும் ஒரே நேரத்தில் ஸ்பிரிங்கைத் திரும்பிப் பார்த்தார்கள்.

ஸ்பிரிங் என்பது தொழிற்சாலை அவளுக்கு வைத்த பெயர். என்னதான் இழுத்துக் கட்டி வலையை மாட்டினாலும் நெற்றியோரம் ஒரு சுருள் வெளியே எட்டிப் பார்க்கும். உள்ளே தள்ளினால் மறுநிமிடம் திரும்ப வந்து நிற்கும். வயது நாற்பத்தொன்று. பதினோரு வருடமாக அதே வரிசையில் அதே நான்காவது இடம். பெல்ட்டில் ஓடி வரும் பிஸ்கட்டில் உடைந்ததைப் பக்கத்தில் இருப்பவளோடு பேசிக்கொண்டே பொறுக்கி எறிவாள், ஒன்றுகூடத் தப்பாது. அப்படிப்பட்ட கைகாரியின் தலையிலிருந்துதான் அந்த முடி விழுந்திருந்தது.

சூப்பர்வைசர் அம்மா அந்த முடியை ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டுத் தன் அறை மேசைமேல் வைத்திருந்தார். முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

"இது யாரோடதுன்னு நான் கேக்கணுமா?"

"என்னோடதுதான் மேடம்."

"இன்னும் மூணு வாரத்துல நம்மகிட்ட சரக்கு வாங்கறவங்க ஆய்வுக்கு வர்றாங்க. அன்னிக்கு இப்படி ஒண்ணு கிடைச்சா என் தலைதான் உருளும். பேசாம ஒட்ட வெட்டிடு. உனக்கும் நிம்மதி, எனக்கும் நிம்மதி."

"வெட்ட மாட்டேன் மேடம்."

சொன்ன பிறகுதான் சொன்னது அவளுக்கே உறைத்தது. பதினோரு வருடத்தில் அவள் அந்த அறையில் 'மாட்டேன்' என்ற வார்த்தையை உச்சரித்ததே இல்லை. சூப்பர்வைசர் அம்மா அவளை மேலும் கீழும் பார்த்தார்.

"சரி. மூணு வாரம் தர்றேன். தினமும் உன் கோட்டுல, முடி தூசியெல்லாம் ஒட்டிக்கிட்டு வருமே அந்த ஒட்டு உருளைய ஓட்டிப் பாப்பேன். ஆய்வு அன்னிக்கு ஒரு முடி, ஒரே ஒரு முடி கிடைச்சாலும், மறுநாள்லேருந்து நீ குடோன்ல அட்டைப்பெட்டி ஒட்டப் போயிடு."

குடோன் என்றால் ஜன்னல் இல்லாத கொட்டகை, தூசி, பேச்சுத் துணைக்கு ஓர் ஆள்கூடக் கிடையாது. அங்கே போனவர்கள் வரிசைக்குத் திரும்பியதாகச் சரித்திரம் இல்லை.

ஒரு முடிக்காக இவ்வளவு பிடிவாதமா என்று கேட்பவர்கள் கேட்டுக்கொள்ளட்டும். மற்றவர்களுக்கு முடி வெட்டுவது அரை மணி நேர வேலை. அவள் பத்தொன்பது வயதில் ஒருமுறை வெட்டிக்கொண்டு பட்ட பாடு அவளுக்குத்தான் தெரியும். அழகு நிலையத்தில் ஈரத்தலையோடு உட்கார வைத்து, சீப்பால் நீட்டிப் பிடித்து, தோள் வரைக்கும் என்று அளவு பார்த்துத்தான் வெட்டினார்கள். ஈரத்தில் தோளைத் தொட்ட முடி, காய்ந்ததும் காதுக்கு மேல் ஏறி நின்றது. வெட்டியவள் சுருட்டை முடியின் குணம் தெரியாமல் கத்திரியை எடுத்தவள். ஸ்பிரிங் மூன்று மாதம் தலையில் துணியைக் கட்டிக்கொண்டு அலைந்தாள். பிறகு கல்யாணத்துக்கு முந்தின வாரம், நேராக்குகிறேன் பேர்வழி என்று அக்கா சூட்டுக் கருவியால் இழுத்ததில் பாதி முடி பொசுங்கி ஒடிந்தது. அதிலிருந்து தேறி, முடி முதுகைத் தொட ஆறு வருடம் பிடித்தது. போகிற வருகிறவர்கள் எல்லாம் புத்தி சொன்ன தலை அது. 'படிய வாரக் கூடாதா, என்ன கோலம் இது' என்று கேட்காத உறவுக்காரர்களே கிடையாது. அவளுக்கோ தன் முடியை ரொம்பப் பிடிக்கும். இதை மட்டும் அவள் யாரிடமும் வாய் திறந்து சொன்னதில்லை.

மறுநாள் காலையிலேயே துப்பறியும் வேலையைத் தொடங்கினாள். தரையில் வெள்ளைத் துண்டை விரித்து, அதன்மேல் உட்கார்ந்து, வழக்கம்போல் தலை வாரினாள். வழக்கம் என்பது என்ன? காய்ந்த முடியில் நெருக்கமான பல் சீப்பை உச்சியில் குத்தி, கண்ணில் தண்ணீர் வர இழுப்பது. வாரி முடித்துத் துண்டைப் பார்த்தவளுக்குப் பகீரென்றது. முழு முடி பத்துப் பதினைந்துதான். மற்றதெல்லாம் அரை விரல் நீளத்துக்கு ஒடிந்த துண்டுகள். கழுத்திலும் தோளிலும் அதே துண்டுகள். வலையின் ஓட்டையில் புகுந்து விழுவதற்கென்றே அளவெடுத்தது போல் இருந்தன.

அவள் கணவன் இருசக்கர வண்டி மெக்கானிக். தேநீரும் கையுமாக நின்று வேடிக்கை பார்த்தான்.

"காஞ்ச செயின வச்சு வண்டி ஓட்டினா பல்லு தேயத்தானே செய்யும்? வழவழப்பு வேணாமா? உன் தலையில நீ ஓட்டறது அந்த மாதிரி வண்டிதான்."

"என் தலை என்ன உங்க பட்டறையா?" என்று சீறினாள். ஆனால் அவன் சொன்னது மண்டைக்குள் போய் உட்கார்ந்துகொண்டது.

பக்கத்து இடத்தில் வேலை செய்பவளுக்கு ரேடியோ என்று பெயர். காரணம் சொல்ல வேண்டியதில்லை. ஸ்பிரிங்கின் சங்கதி தெரிந்த அன்றே அவள் கைப்பேசியில் பதினாறு காணொளிகளைத் தேடி அனுப்பிவிட்டாள். அவற்றில் வந்த பெண்கள் ஒவ்வொருத்தியும் ஏழெட்டுப் புட்டிகளை வரிசையாக அடுக்கி வைத்துக்கொண்டு, இவை இல்லாவிட்டால் சுருள் முடிக்குக் கதியே இல்லை என்று சத்தியம் செய்தார்கள். "இந்தப் புட்டியெல்லாம் வாங்கறதுக்கு நான் பிஸ்கட் கம்பெனிக்கு முதலாளியா இருக்கணும்" என்றாள் ஸ்பிரிங். "அக்கா, புட்டிய விடுங்க. அவங்க கை என்ன பண்ணுதுன்னு மட்டும் பாருங்க" என்றாள் ரேடியோ. அவள் வாழ்க்கையில் சொன்ன மிகச் சிறிய வாக்கியம் அதுதான்.

கையை மட்டும் பார்த்தபோது விஷயம் எளிதாக இருந்தது. யாரும் காய்ந்த தலையில் சீப்பு வைக்கவில்லை. நன்றாக நனைத்து, கண்டிஷனரை வழிய வழியத் தடவி, முதலில் விரலாலும் பிறகு அகலப் பல் சீப்பாலும் நுனியிலிருந்து மேல்நோக்கிச் சிக்கெடுத்தார்கள். ஸ்பிரிங் கடையில் இருந்ததிலேயே மலிவான கண்டிஷனரை வாங்கி வந்து, வேலை முடிந்த மாலையில் குளியலறைக்குள் புகுந்தாள். ஒரு கை நிறைய முடி வந்தது. கதவைத் திறந்து கணவனிடம் காட்டி, "போச்சு, எல்லாம் போச்சு" என்றாள். உள்ளே போய் அழுதபடியே உதிர்ந்த முடிகளைப் பிரித்துப் பார்த்தாள். ஒடிந்த துண்டு ஒன்றுகூட இல்லை. எல்லாம் வேரோடு வந்த முழு முடி. நேரான முடி உதிர்ந்தால் அப்படியே கீழே விழுந்துவிடும். இவளுடையது சுருளுக்குள் சிக்கிக்கொண்டு, வெளியே வர நல்ல நேரம் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறது. இனி அது குளியலறையில் வரட்டும், பிஸ்கட்டின் மேல் வர வேண்டாம் என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

கழுவிய முடி பரட்டையாகாமல் சுருள் சுருளாகப் படிய, ஆளி விதையில் செய்த கூழ் நல்லது என்று ஒரு காணொளி சொன்னது. இரண்டு கரண்டி விதை, ஒரு டம்ளர் தண்ணீர், அவ்வளவுதான். முதல் தடவை அடுப்பில் வைத்துவிட்டு, ரேடியோவிடமிருந்து வந்த போனை எடுத்தாள். எடுத்தால் வைக்க முடியுமா? திரும்பி வந்தபோது பாத்திரத்தில் இருந்தது கூழ் இல்லை, பசை. வடிகட்டியும் கரண்டியும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. "இத என் பட்டறைக்குக் குடு, டயருக்கு ஒட்டுப் போடலாம்" என்றான் கணவன். இரண்டாம் தடவை அடுப்பை விட்டு நகரவில்லை. முட்டையின் வெள்ளைக்கரு மாதிரி இழுபடத் தொடங்கியதும் இறக்கி, சூடு தணியும் முன் பழைய நைலான் காலுறையில் ஊற்றிப் பிழிந்தாள். பளபளவென்று வழிந்தது.

அதைத் தண்ணீர் சொட்டும் முடியில் தடவி, கீழிருந்து மேலாகக் கசக்கிக் கசக்கி விட்டாள். துவட்டத் தேங்காய்ப்பூத் துண்டு ஆகாது, சுரசுரப்பு முடியைப் பிய்த்துவிடும் என்றார்கள். பழைய பருத்தி டி-ஷர்ட்தான் வேண்டும். வீட்டில் இருந்த ஒரே பழைய டி-ஷர்ட், கணவன் தன் உயிராக நினைக்கும் நீல டி-ஷர்ட். அது அலமாரியிலிருந்து மறைந்த அன்று அவன் ஒரு பொழுது பேசவில்லை. மறுநாள் அவள் முடி காய்ந்து, சுருள் சுருளாகத் தோளில் புரண்டதைக் கண்டதும், "போகட்டும், நல்ல காரியத்துக்குத்தான் போயிருக்கு" என்றான். தலையணைக்கும் ஒரு பழைய கோட்டின் வழுவழுப்பான உள்துணியைக் கிழித்து உறை தைத்துக்கொண்டாள். ஒரு வாரத்தில் ஒட்டு உருளை சுத்தமாக வந்தது. நடையில் கொஞ்சம் மிதப்பும் வந்தது.

மிதப்பு இரண்டாம் வாரத்தில் இறங்கியது. சூப்பர்வைசர் அம்மா உருளையை ஓட்டினார். முடி இல்லை. வெள்ளை வெள்ளையாக ஏதோ பொடி ஒட்டியிருந்தது.

"இது என்ன, பொடுகா? முடிய விட இது மோசம். பிஸ்கட்டுல பொடுகு விழுந்தா நான் எங்க போய் நிக்கறது?"

பொடுகு இல்லை. காய்ந்த கூழ்தான் உதிர்ந்தது. நன்றாயிருக்கிறதே என்று நாளுக்கு நாள் அள்ளி அள்ளித் தடவியதன் பலன். விளக்கம் சொல்ல வாயெடுத்தவளை அன்று முழுவதும் வரிசைக்கு வெளியே நிறுத்தித் தரையைத் துடைக்க வைத்தார்கள். தன்னுடைய நான்காவது இடத்தில் வேறொருத்தி நின்று உடைந்த பிஸ்கட்டைத் தவறவிடுவதைப் பார்த்துக்கொண்டே துடைத்தாள். வீட்டுக்கு வந்து கத்திரிக்கோலை எடுத்துக் கண்ணாடி முன்னால் நின்றதும் உண்மை. ஒரு சுருளை இழுத்துப் பிடித்துக் கத்திரியை வாய் திறக்கவும் வைத்தாள். பிடியைத் தளர்த்தியதும் சுருள் துள்ளிக்கொண்டு தன் இடத்துக்குப் போனது. இதையா வெட்டுவது என்று கோபம் வந்தது. கத்திரியை இழுப்பறைக்குள் போட்டு மூடினாள்.

வேலை நாளில் கூழே கிடையாது, விடுமுறை நாளுக்கு மட்டும் என்று முடிவு செய்தாள். வாரம் இரண்டு மாலை நனைத்துச் சிக்கெடுப்பது. காலையில் தண்ணீரில் கொஞ்சம் கண்டிஷனர் கலந்து லேசாகத் தெளித்து, சீப்பைத் தொடாமல் விரலால் நான்காகப் பிரித்து, ஒவ்வொன்றையும் கயிறு மாதிரி முறுக்கித் தலையைச் சுற்றித் தட்டையாகப் படியவைத்துக் கொண்டை ஊசி குத்துவது. மேடு இல்லாத தலையில் வலை காது வரை இறங்கி உட்கார்ந்தது. நெற்றிச் சுருளையும் முறுக்கோடு சேர்த்து முறுக்கினாள். பதினோரு வருடத்தில் முதல்முறையாக அது வெளியே வரவில்லை.

ஆய்வு நாள் வந்தது. வந்தவர் கண்ணாடி போட்ட, அதிகம் பேசாத ஒரு பெண். வரிசையில் நின்றவர்கள் ஒவ்வொருவரின் கோட்டிலும் உருளையை ஓட்டி, ஒட்டுத்தாளைக் கிழித்து வெள்ளை அட்டையில் ஒட்டிக்கொண்டே வந்தார். ரேடியோ அன்று மூச்சுகூடச் சத்தமில்லாமல் விட்டாள். ஸ்பிரிங்கின் முறை வந்தது. தோள், முதுகு, கை என்று உருளை ஏறி இறங்கியது. ஆய்வாளர் தாளைக் கிழித்து வெளிச்சத்தில் பிடித்தார். திருப்பிப் பிடித்தார்.

"ஒண்ணுமே இல்லையே" என்றார்.

பிறகு யாரும் எதிர்பார்க்காத ஒன்றைச் செய்தார். உருளையோடு சூப்பர்வைசர் அம்மாவிடம் போனார். "நீங்களும்தானே உள்ளே நடமாடறீங்க?" என்று ஒரே ஓட்டு. தாளில் மூன்று முடி. நீளமாக, நேராக, பார்த்தவுடன் சொந்தக்காரரைச் சொல்லும்படி. சூப்பர்வைசர் அம்மாவின் முகத்தில் ஈயாடவில்லை.

ஆய்வாளர் ஸ்பிரிங்கை உடை மாற்றும் அறைக்கு அழைத்துப் போய் வலையைக் கழற்றச் சொன்னார். ஊசிகளை எடுத்து முறுக்கைப் பிரித்து அவள் தலையை ஓர் உதறு உதறினாள். முடி முதுகு முழுக்கப் புரண்டு விழுந்தது. வாசலில் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த கூட்டத்திலிருந்து, "அம்மாடி! இதையா அக்கா இத்தன வருஷம் ஒளிச்சு வச்சீங்க?" என்று ரேடியோ கத்தினாள். ஸ்பிரிங் கண்ணாடியில் தன்னைப் பார்த்தாள். அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

"இவ்வளவு முடியிலேருந்து ஒண்ணுகூட விழலையா?" ஆய்வாளர் முறுக்கு போடும் விதத்தை இரண்டு தடவை செய்யச் சொல்லிப் பார்த்தார். சூப்பர்வைசர் அம்மாவிடம் திரும்பினார். "நாளையிலேருந்து எல்லாரும் உள்ளே போறதுக்கு முன்னாடி இவங்க ஒரு தடவை தலையப் பாத்து அனுப்பட்டும். அறிக்கையிலயும் எழுதிடறேன்."

மறுநாள் காலை உடை மாற்றும் அறை வாசலில் ஸ்பிரிங் நின்றாள். இருபத்தைந்து பேரும் வரிசையில் வந்து நின்றார்கள். கடைசியாக சூப்பர்வைசர் அம்மா வந்தார். வெள்ளைக் கோட்டைப் போட்டுப் பொத்தான் எல்லாம் மாட்டிக்கொண்டு, அதன்மேல் கூந்தலை விரித்து வாரிக்கொண்டே வந்தார். மூன்று முடி எப்படி வந்தது என்பது ஸ்பிரிங்குக்கு அந்த நொடியில் விளங்கிவிட்டது. கையை நீட்டி வழியை மறித்தாள்.

"கோட்டக் கழட்டுங்க மேடம். தலைய வாரி, கட்டி, வலையப் போட்டுட்டு அப்புறமா கோட்டு."

சூப்பர்வைசர் அம்மா அவளைப் பார்த்தார். பிறகு ஒவ்வொரு பொத்தானாகக் கழற்றினார்.

"வரிசையில நிக்கணுமா?" என்று கேட்டார்.

"கடைசியா போய் நில்லுங்க மேடம்" என்றாள் ஸ்பிரிங்.