லேபிள் உரித்த குப்பி

சலவைக் கடையின் பின்னறையில் நீராவி இஸ்திரிப் பெட்டியோடு நிற்பவளை எல்லோரும் நீராவியக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். எந்தத் துணி வந்தாலும் கழுத்துப் பட்டையைத் திருப்பி, எவ்வளவு சூடு தாங்கும் என்று உள்ளே தைத்திருக்கும் லேபிளைப் படித்த பிறகே பெட்டியை வைப்பாள். லேபிளை வெட்டியெடுத்த துணி என்றால் உள்ளூரப் பயம். வெளியே தெரியாத ஓரமடிப்பில் முதலில் பெட்டியால் தொட்டுப் பார்ப்பாள்.

போன வருடம் அவளுடைய வலது முழங்கையில் தசைநார் கிழிந்தது. பெட்டியைத் தொடவே கூடாது என்றார் எலும்பு டாக்டர். தொடாவிட்டால் வேலை போய்விடும்.

உடற்பயிற்சிக் கூடத்தில் வேலை பார்க்கும் அவள் தம்பி, சாப்பாட்டு டப்பாவுக்குள் சின்னச் சின்னக் கண்ணாடிக் குப்பிகளை வைத்துக் கொண்டுவந்தான்.

"என்னடா இது?"

"பெப்டைடுக்கா. BPC-157. வயித்துல இருக்கற ஒரு புரதத்தோட துண்டு மாதிரி செஞ்சது. கிழிஞ்ச தசைநார் சீக்கிரம் ஆறிடுமாம்."

"யாருக்கு ஆறுச்சு?"

"எலிக்கெல்லாம் பிரமாதமா ஆறியிருக்கு."

"நான் என்ன எலியாடா?"

"உன் வீட்டுக்காரரைக் கேட்டா பெருச்சாளின்னு சொல்வார். கையை நீட்டுக்கா. என் முட்டி வலிக்கு நானே இதைத்தான் போட்டுக்கறேன்."

சிரித்துக்கொண்டே நீட்டினாள். தினமும் அவனே வந்து ஊசி போட்டான். சில வாரங்களில் வலி குறைந்தது. ஊசியால் குறைந்ததா, தானாக ஆறியதா என்று சொல்ல வழியில்லை. அவள் ஊசி என்றே நம்பினாள்.

ஒருநாள் தம்பி வரத் தாமதமானது. தானே போட்டுக்கொள்ளலாம் என்று குப்பியை எடுத்தபோது விரலில் பிசுபிசுவென்று ஒட்டியது. ஜன்னலருகே கொண்டுபோய்த் திருப்பிப் பார்த்தாள். லேபிளைச் சுரண்டி எடுத்த பசைத் தடம். ஊரார் துணிக்கெல்லாம் லேபிள் பார்த்தவள், தன் உடம்புக்குள் போனதற்குப் பார்க்கவில்லை.

தம்பி வந்ததும் குப்பியை நீட்டினாள். "இதுல இருந்த லேபிள் எங்கடா?"

"நீ படிப்பேன்னுதான்கா உரிச்சேன்."

"என்ன போட்டிருந்துச்சு?"

"ஆராய்ச்சிக்கு மட்டும்னு. மனுஷங்களுக்குப் பயன்படுத்தக் கூடாதுன்னு."

அவள் கை தன்னையறியாமல் இடது அக்குளுக்குப் போனது. நான்கு வருடங்களுக்கு முன் அந்தப் பக்க மார்பிலிருந்துதான் புற்றுக்கட்டியை எடுத்திருந்தார்கள்.

மறுநாளே அப்போது வைத்தியம் பார்த்த டாக்டரம்மாவிடம் ஓடினாள். அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவளுடைய பழைய ஃபைலைப் புரட்டினார்.

"நடந்த ஆராய்ச்சியெல்லாம் பெரும்பாலும் விலங்குங்கள்லதாம்மா. மனுஷங்ககிட்ட நடந்தது ரொம்பக் கம்மி. மருந்துன்னு அனுமதி கிடைக்கல. இது புது ரத்தக் குழாய்களை வளர வைக்கும்னு விலங்குங்கள்ல தெரிஞ்சிருக்கு. காயம் ஆற அது உதவும்."

"கட்டிக்கும் உதவுமா, டாக்டர்?"

"கட்டிக்கும் ரத்தக் குழாய் வேணும். ஆனா இது கட்டியை வளர்க்கும்னு யாரும் நிரூபிக்கல. வளர்க்காதுன்னும் நிரூபிக்கல. அந்தக் குப்பியில நிஜமாவே என்ன இருந்துச்சுன்னுகூட நமக்குத் தெரியாது. ஸ்கேன் எடுத்துப் பார்த்துடலாம்."

ஸ்கேன் நாள் வரும்வரை வேலைக்குப் போனாள். கை வலிக்கவே இல்லை. அதுதான் அவளைப் பயமுறுத்தியது. ஒவ்வொரு முறை பெட்டியை வலியில்லாமல் இழுக்கும்போதும், முழங்கையை ஆற்றியது வேறெங்கே போய் எதை வளர்க்கிறதோ என்று தோன்றியது. தன் உடம்பில் தொட்டுப் பார்க்க ஓரமடிப்பு ஏது?

தம்பியும் ஆஸ்பத்திரிக்குக் கூடவே வந்தான். படங்களைப் பார்த்த டாக்டரம்மா, "இப்போதைக்கு ஒண்ணும் தெரியல. ஊசியைத் தொடாதீங்க. ஆறு மாசம் கழிச்சு மறுபடி பாப்போம்" என்றார்.

வெளியே வந்ததும் தம்பி பெருமூச்சு விட்டான். "அதான் ஒண்ணும் இல்லைன்னுட்டாங்களேக்கா!"

"இப்போதைக்குன்னாங்கடா."

பேருந்தில் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். அவள் கை மறுபடி அக்குளுக்குப் போனது. தம்பி தன் முட்டியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அக்கா, நானும் போய்க் காட்டணுமா?"

அவள் எழுந்து மணிக்கயிற்றை இழுத்தாள். "இறங்குடா. இப்பவே திரும்பிப் போலாம்."