ஜோதி வந்தாச்சு

எங்கள் வீட்டு கேட்டுக்குக் காலிங்பெல் கிடையாது. மாடியில் குடியிருக்கும் அருள்ராஜ் மூன்று முறை கேட்டார். "பார்க்கலாம் தம்பி" என்று மூன்று முறையும் சொன்னேன். ஸ்ரீரங்கத்தில் கறாரான வீட்டு ஓனர் ரங்கநாயகி என்று பேர் எடுக்க வேண்டாமா? அந்தப் பாவத்துக்குத்தான் இப்போது உட்கார்ந்து அவர் கதையை எழுதுகிறேன்.

காந்தி மார்க்கெட் பக்கம் மண்டிகளில் கம்ப்யூட்டரோ பிரிண்டரோ மக்கர் பண்ணினால் அருள்ராஜைத்தான் கூப்பிடுவார்கள். மனைவி ஜோதி நர்ஸ், மருங்காபுரிப் பெண். டவுனில் ஒரு ஆஸ்பத்திரியில் வேலை முடித்து பஸ் பிடித்து வருவதற்குள் இருட்டிவிடும். எங்கள் கேட்டுக்குத் தாழ்ப்பாள் உள்பக்கம், வெளியிலிருந்து திறக்க முடியாது. ஒருநாள் நல்ல மழை. நான் கோயிலுக்குப் போயிருந்தேன். அருள்ராஜ் போனை முன்னறையில் சார்ஜில் போட்டுவிட்டு, பின்னறையில் ஃபேன் இரைச்சலில் ஒரு பிரிண்டரைப் பிரித்து வைத்துக்கொண்டிருந்தார். ஜோதி இருபது நிமிஷம் கேட்டுக்கு வெளியே நின்று நனைந்தாள்.

மறுநாள் அருள்ராஜ் வைஃபை ரூட்டரைக் கையில் எடுத்தார். "அக்கா, இதுக்குள்ள ஓடுறதும் லினக்ஸ்தாங்க. இது ஒரு குட்டி கம்ப்யூட்டர்" என்றார். எனக்குத் தெரிந்து அது மினுக்மினுக்கென்று எரியும் டப்பா. அதிலிருந்த மென்பொருளைத் தூக்கிவிட்டு வேறொன்றைப் போட்டார். இடம் போதவில்லை என்று ஒரு பென் டிரைவைச் செருகினார். ப்ளூடூத் இல்லை என்று விரல்நுனி அளவில் ஏதோ ஒன்றைச் செருகினார். அப்புறம் ஒரு ப்ளூடூத் ஸ்பீக்கரை அதோடு சேர்த்துவைக்க இரண்டு ஞாயிற்றுக்கிழமை போயிற்று. சேரும், பிய்த்துக்கொள்ளும், மறுபடி சேரும். "நம்ம கல்யாணத்துக்குக்கூட இவ்வளவு இழுபறி இல்லைங்க" என்று ஜோதி சிரித்தாள்.

கடைசியில் வழிக்கு வந்தது. ஒவ்வொரு போனுக்கும் பன்னிரண்டு எழுத்தில் ஒரு முகவரி உண்டாம். ஜோதியின் போன் எங்கள் வாசலை நெருங்கி வைஃபையில் சேர்ந்தால் ரூட்டர் அதை அடையாளம் கண்டுகொள்ளும். உடனே மாடியில் ஸ்பீக்கர், அருள்ராஜின் குரலிலேயே "ஜோதி வந்தாச்சு!" என்று கத்தும். அவர் தடதடவென்று இறங்கி வந்து தாழ்ப்பாளை எடுப்பார். ஒரு வருஷம் அந்தச் சத்தத்தைக் கேட்டுத்தான் நான் குக்கர் வைத்தேன்.

பிறகு ஜோதிக்கு மஸ்கட்டில் வேலை கிடைத்தது. இரண்டு வருஷ ஒப்பந்தம். போய்விட்டாள்.

ஸ்பீக்கரை அவர் எடுக்கவில்லை. அதற்கு ஒரு கெட்ட குணம். பத்து நிமிஷம் சும்மா இருந்தால் தானாக அணைந்துவிடும், அப்புறம் ரூட்டர் கூப்பிட்டாலும் எழாது. அதனால் ஒன்பது நிமிஷத்துக்கு ஒரு தடவை, காதில் விழாத ஒரு வெற்று ஒலியை அதற்கு அனுப்பும்படி செய்து வைத்திருந்தார். ஜோதி போன பிறகும் அது நிற்கவில்லை.

"அவ மஸ்கட்ல இருக்கா, இது யாருக்காகத் தம்பி முழிச்சிட்டிருக்கு?" என்று கேட்டுவிட்டேன். என் வாய் அப்படி.

"இருக்கட்டும்க்கா. இன்னும் ஆறு மாசம்தானே" என்றார். நாளை எண்ணிக்கொண்டிருந்தார் மனுஷன். சாப்பாட்டைக்கூட நின்றுகொண்டே முடிப்பார். அவள் இல்லாத வீட்டில் அவருக்கு உட்காரப் பிடிக்கவில்லை.

மார்கழி. ஏகாதசிக் கூட்டம் தெருவை அடைத்துக்கொண்டிருந்த ஒரு சாயங்காலம், மேலே ஸ்பீக்கர் கத்தியது: "ஜோதி வந்தாச்சு!"

ஒன்றரை வருஷத்துக்குப் பிறகு. எனக்கே கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அருள்ராஜ் ஒற்றைச் செருப்போடு இறங்கி ஓடிவந்தார். அந்த முகத்தை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. தாழ்ப்பாளை இழுத்தார்.

வெளியே ஜோதியின் தங்கை ஆனந்தவள்ளி நின்றாள், ஒரு பை வேர்க்கடலையோடு. "சாமி பார்க்க வந்தேன் மாமா. அப்படியே உங்களையும் பார்த்துட்டுப் போலாம்னு" என்றாள். கையில் ஜோதியின் பழைய போன். அங்கே புதுசு வாங்கியதும், லீவில் வந்த ஊர்க்காரரிடம் ஜோதி பழையதைத் தங்கைக்குக் கொடுத்தனுப்பியிருக்கிறாள். அதில் எங்கள் வீட்டு வைஃபை பாஸ்வேர்டு அப்படியே இருந்திருக்கிறது.

"வாம்மா" என்றார். பையை வாங்கிக்கொண்டு முன்னால் படியேறினார். எனக்கு அழுகை வந்தது. யார்மேல் கோபப்படுவது என்று தெரியாமல் குக்கரை நங்கென்று வைத்தேன்.

மறுநாள் சாயங்காலம் மாடிப்படியில் லேப்டாப்போடு உட்கார்ந்து ஜோதிக்குப் போன் போட்டார். ஸ்பீக்கர்போன் என்பதால் கீழே எனக்கும் கேட்டது. காதைப் பொத்திக்கொள்ள நான் என்ன சாமியாரா?

"உன் புது போன் முகவரியைப் பார்த்துச் சொல்லு."

"இப்ப எதுக்குங்க?" ஜோதி தயங்கினாள். "இன்னும் ரெண்டு வருஷம் இருக்கச் சொல்றாங்க. நானும் கையெழுத்துப் போட்டுட்டேன். எப்படிச் சொல்றதுன்னுதான்..."

அருள்ராஜ் லேப்டாப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "சரி. முகவரியைச் சொல்லு" என்றார்.

"வரும்போது போட்டுக்கலாமே."

"வர்றப்ப நீ கேட்டுக்கு வெளியில நிப்ப. நான் மேல இருப்பேன். நீ வந்தது எனக்கு எப்படித் தெரியும்?"

அவள் இரண்டிரண்டு எழுத்தாகப் படித்தாள். அவர் திருப்பிச் சொல்லித் தட்டினார். நடுவில் அவள் குரல் உடைந்து ஒரு எழுத்து கேட்காமல் போனது. அதை மறுபடி கேட்டு வாங்கினார்.

"சரியா இருக்கான்னு பார்க்கிறேன்" என்று ஒரு தட்டு தட்டினார். மேலே ஸ்பீக்கர், "ஜோதி வந்தாச்சு!" என்றது. மஸ்கட்டிலும் கேட்டிருக்கும்.

"என்னங்க" என்றாள் ஜோதி. "உட்கார்ந்தே இருக்கீங்களே. போய்க் கேட்டைத் திறங்க."

அவர் எழுந்து என்னைத் தாண்டிப் போனார். தாழ்ப்பாளை எடுத்தார். கேட்டை முழுசாகத் திறந்து, போனைக் காதில் வைத்தபடி, ஓர் ஆள் உள்ளே வர வழிவிட்டு ஓரமாக நின்றார். மாடு நுழைந்துவிடும், மூடுங்க தம்பி என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை.