செல்லமும் ஒளிந்திருக்கும் தண்ணீரும்

“வா ராசா, வா. ஒளிச்சிருந்து என்னட்டத் தப்ப ஏலாது.” காரவன் எனும் வீட்டுவண்டியின் குளியலறையில் முழங்காலிட்டு, ஷவர்க் குழாயைத் தரையோடு தாழ்த்திப் பிடித்து உதறுகிறார் செல்லம். வராமல் அடம்பிடிக்கிற தண்ணீரோடு அவருக்கு எப்போதும் தமிழ்தான். ஜெர்மன் மொழியில் மிரட்டினால் அது அசையாது என்பது அவருடைய கட்சி.

ஜெர்மனியின் பான் நகருக்கு வெளியே, ரைன் கரையிலுள்ள கேம்பிங் திடலில் அறுபத்திரண்டு காரவன்கள் குளிர்காலத்தைக் கழிக்கின்றன. உறைபனி வருமுன் அவற்றின் தொட்டியிலும் குழாய்களிலும் ஒரு சொட்டு மிஞ்சாமல் வடித்தெடுப்பது ஐம்பத்தேழு வயதுச் செல்லத்தின் வேலை. கழிவறை கழுவ வந்தவர்தான். முதல் வசந்தத்தில், உறைந்து வெடித்த குழாயால் ஊறிப்போன தரையில் ஒரு முதிய பெண் உட்கார்ந்து அழுததைப் பார்த்தார். அடுத்த ஐப்பசியில், தண்ணீர் வடிக்க வந்த மெக்கானிக்கின் பின்னாலேயே திரிந்து தொழிலைப் பிடுங்கிக்கொண்டார். அதன்பிறகு பதினொரு குளிர்காலம் போய்விட்டது. ஒரு குழாய்கூட வெடிக்கவில்லை. இதை யாரும் கேட்காமலேயே சொல்லுவார். சொல்லட்டுமே, உழைத்துத் தேடிய பெருமை.

அவசரம் என்பது அவரிடம் இல்லை. ஒரு பக்கச் சக்கரத்தை மரக்கட்டையில் ஏற்றி வண்டியைச் சரித்து, எல்லாக் குழாய்களையும் திறந்து, வடிந்தபின் மூடிவிட்டு இருபது நிமிடம் சும்மா இருப்பார். பிறகு மறுபடி திறப்பார். “முதல் வாறது வெறும் தண்ணி. ரெண்டாந்தரம் வாறதுதான் குழாயை உடைக்கிறது.” இத்தனை காரவன்களுக்குள் புகுந்து வந்தவர் ஒன்றிலாவது ஓர் இரவு படுத்ததில்லை. கேட்டால், “எனக்கென்ன விசரே? வீட்டில கட்டில் கிடக்கு” என்பார்.

இந்த ஆண்டு ஒரு சங்கடம் வந்தது. தொழிற்சாலையில் மெசின் ஓட்டி ஓய்வுபெற்ற தம்பித்துரை, பழைய காரவன் ஒன்றை வாங்கினார். திடலில் இடம் கிடைக்க மூன்று ஆண்டு காத்திருக்க வேண்டும். “எங்கட ஆள், பொறுப்பான மனுசன்” என்று நிர்வாகி நடாலியிடம் பொறுப்பேற்று, முன்கூட்டியே இடம் வாங்கிக் கொடுத்தவர் செல்லம். மனிதரோ தன் வண்டியில் அவரைக் கைவைக்கவே விடவில்லை. இரவு குளிர் பூச்சியத்துக்குக் கீழே எட்டுப் பாகைக்கு இறங்கும் என்று வானொலி சொன்ன மத்தியானம், செல்லம் அவர் வாசலில் போய் நின்றார்.

“எல்லாம் வடிச்சிட்டன் தங்கச்சி. குளிர் கூடினா வண்டியில இருக்கிற வால்வு தானாத் திறந்து மிச்சத் தண்ணியையும் விட்டிடும். முப்பது வருசம் மெசினோட நிண்டவனுக்குப் படிப்பிக்கிறியளோ?”

“அந்த வால்வு வெந்நீர் பொய்லருக்கு மட்டும்தான் காவல், அண்ணை. மிச்சக் குழாய்க்கு ஆர் காவல்? இது வெடிச்சா நான் குடுத்த வாக்கும் போச்சு, பதினொரு வருசமும் போச்சு. ஒருக்காப் பாக்க விடுங்கோ.”

அவர் முணுமுணுத்தபடி விலகி நின்றார். உள்ளே ஒவ்வொரு குழாயின் கைப்பிடியும் முழுக்கச் சூட்டுப் பக்கம் திரும்பியிருந்தது. அப்படி விட்டால் வெந்நீர் வரும் வழி மட்டும் வடியும். மற்ற வழியில் தண்ணீர் அப்படியே நிற்கும். செல்லம் கைப்பிடிகளை நடுவில் நிறுத்திவிட்டு வெளியே வந்து, வண்டி ஓரத்து வடிகுழாயின் கீழே ஒரு பேசினை வைத்தார். முதலில் காற்று உறுமியது. பிறகு தண்ணீர் கொட்டத் தொடங்கி, பேசின் விளிம்பு வரை நிறைந்தது. தம்பித்துரை குனிந்து பேசினைப் பார்த்தார்.

“இது உள்ளுக்க உறைஞ்சிருந்தா...” என்று இழுத்தார்.

அந்நேரம் பார்த்து நடாலி சைக்கிளில் வந்து நின்றார். இந்த வண்டி முடிந்துவிட்டதா, எல்லாம் சரியா என்று கேட்டார். தம்பித்துரை வெட்கத்தோடு உண்மையைச் சொல்ல வாயெடுத்தார். செல்லம் முந்திக்கொண்டார்.

“இவரே எல்லாம் வடித்துவிட்டார். நான் சும்மா பார்க்க வந்தேன்” என்று ஜெர்மனில் சொல்லிக்கொண்டே, நிறைந்த பேசினைக் காலால் மெல்ல வண்டிக்கு அடியில் தள்ளினார்.