தீச்சட்டி ஏந்தியவருக்கு ஹெல்மெட் சுட்டது

அம்மனை நம்பி வாழும் உங்களிடம் இதைக் கோபத்தோடுதான் சொல்கிறேன். அவளும் என் கோபத்தைக் கேட்டவள்தான்.

போன வருடம் கத்திரி வெயிலில், அன்னவாசல் அரிசி ஆலைக்கு வேலைக்குப் போன என் வீட்டுக்காரரின் சைக்கிளை ஒரு வேன் உரசிவிட்டுப் போய்விட்டது. ஜல்லியில் தலை அடிபட்டு, பேச்சு மூச்சில்லாமல் புதுக்கோட்டை ஆஸ்பத்திரியில் கிடந்தார். நினைவு திரும்பினால்தான் எதுவும் சொல்ல முடியும் என்றார் டாக்டர். துபாயிலிருக்கும் என் தம்பி அவருக்கென்று அனுப்பிய சைக்கிள் ஹெல்மெட்டை யாரோ கொண்டுவந்து என் கையில் கொடுத்தார்கள். ஹேண்டில்பாரில் தொங்கிக்கொண்டிருந்ததாம். அதில் ஒரு கீறல்கூட இல்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"இதைப் போட்டா மண்டை அவிஞ்சு போயிரும்டி" என்பார் தினமும். தெருமுனை வரைக்கும் எனக்காகப் போட்டுக்கொண்டு, அப்புறம் கழற்றிவிடுவார். இதே மனிதர்தான் வருடா வருடம் பங்குனி வெயிலில், செருப்பில்லாமல், எரிகிற தீச்சட்டியைக் கையில் ஏந்திக் கோயிலுக்கு நடப்பார். அது மட்டும் சுடாதாம்!

என் மாமியார் அழுதுகொண்டே, "வர்ற வருசம் ரெட்டைச் சட்டி எடுப்பான்னு ஆத்தாகிட்ட வேண்டிக்கிட்டேன்" என்றார்.

"சட்டியும் வேணாம், ஒண்ணும் வேணாம் அத்தை!" என்று கத்திவிட்டேன். வராந்தாவில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

அங்கேயே சுவரைப் பார்த்து நின்று ஆத்தாவைத் திட்டினேன். "ஒனக்கு நெருப்பைத் தூக்குற மனுசனுக்கு இதைத் தூக்க முடியலையா? உசுரைக் குடு. இனி சைக்கிள்ல ஏறுறப்பெல்லாம் ஹெல்மெட்டைப் போடுறதுதான் ஒனக்கு நேத்திக்கடன். வேற ஒண்ணும் கெடையாது."

மறுநாள் கண் திறந்தார். "தண்ணி" என்றார். தாயே என்று அந்தத் தரையிலேயே விழுந்து கும்பிட்டேன்.

தேறி வீட்டுக்கு வந்ததும் வேண்டுதலைச் சொன்னேன். "இதெல்லாம் ஒரு நேத்திக்கடனாடி?" என்று சிரித்தார்.

"அவ ஏத்துக்கிட்டுத்தான ஒங்கள அனுப்பிருக்கா. முடியாதுன்னா நீங்களே போயி அவகிட்டச் சொல்லுங்க" என்றேன். சாமிக் கடன் என்றால் அவருக்குப் பயம்.

இந்த வெயிலிலும் போட்டுக்கொண்டுதான் போகிறார். நிழல் கண்ட இடத்தில் நிறுத்தி வியர்வையைத் துடைத்துக்கொள்கிறார். ஆலையில் கேலி செய்தவர்கள், ஆத்தாவுக்கு நேர்ந்தது என்றதும் வாயை மூடிக்கொண்டார்களாம். அவர்கள் மேலும் எனக்குக் கோபம்தான். தலை உடையும் என்று சொன்னால் கேட்பதற்கு ஆளில்லை.

நம்பிக் கேளுங்கள், அவள் தருவாள். எனக்குத் தந்தாள். ஆனால் என்னைப் போல ஆஸ்பத்திரிச் சுவரைப் பார்த்து நின்று கேட்காதீர்கள். உங்கள் வீட்டு ஆள் சைக்கிளை எடுப்பதற்கு முன்னால், வாசலிலேயே வேண்டிக்கொள்ளுங்கள்.