ஒப்பரேஷன் செய்ய வந்த மிஸ்

இரண்டாயிரத்து நாலாம் ஆண்டு. நாங்கள் ஜெர்மனியிலிருந்து லண்டனுக்கு வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. டூட்டிங்கில் ஒரு பலசரக்குக் கடையை எடுத்து நடத்திக்கொண்டிருந்தோம். ஒரு காலை அரிசி மூட்டையைத் தூக்கிய என் கணவர் அப்படியே குந்திவிட்டார். அவருக்குப் பல மாதமாகக் குடலிறக்கம் இருந்தது. வழக்கமாகக் கையால் அழுத்தினால் உள்ளே போய்விடும். அன்றைக்குப் போகவில்லை. சாப்பிட்டதெல்லாம் சத்தியாக வந்தது.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் ஊசி போட்டுவிட்டு, "மிஸ் வந்து பார்ப்பா, அவதான் ஒப்பரேஷன் செய்வா" என்று இங்கிலீஷில் சொன்னா.

இவர் அந்த வலியிலும் தலையை உயர்த்தினார். "மிஸ்ஸோ? ரீச்சரே வெட்டப்போறா?"

எங்கள் ஊரில் மிஸ் என்றால் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறவ. ஜெர்மனியிலோ காய்ச்சலுக்குப் போனால்கூட வைத்தியரை டொக்டர் என்று அழைத்துத்தான் எங்களுக்குப் பழக்கம்.

கொஞ்சத்தில் அவ வந்தா. நாற்பது வயது மதிக்கலாம், கட்டையாக வெட்டிய தலைமயிர். தன் பெயரை மிஸ் சேர்த்தே சொன்னா. வயிற்றைத் தொட்டதும் இவர் கத்திவிட்டார். குடல் இறுகிப்போய் இரத்தம் ஓடவில்லை, சுணங்கினால் அந்தத் துண்டு செத்துவிடும் என்று மெதுவாக, எனக்கு விளங்குகிற மாதிரிச் சொன்னா.

"நீங்கள் டொக்டரோ?" என்று இவர் தன் அரைகுறை இங்கிலீஷில் கேட்டார்.

"நான் சேர்ஜன்" என்றா.

இவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். "டொக்டர் வராமல் நான் கையெழுத்துப் போடமாட்டன். தொழில் பழகிற ஆக்களை எங்களிலை விட்டுப் பாக்கினம்."

எப்படியாவது சம்மதிக்க வையுங்கள் என்று என்னிடம் சொல்லிவிட்டு, ஒப்பரேஷன் தியேட்டரைத் தயார்படுத்த அவ விரைந்தா.

"இஞ்சருங்கோ, பிடிவாதம் பிடிக்காதேங்கோ."

"அவ டொக்டர் எண்டு உனக்கு வடிவாத் தெரியுமோ?"

எனக்குத் தெரியாது. கெஞ்சி வெட்ட விட்டு, ஏதும் நடந்தால்? விடாமல் இருந்து ஏதும் நடந்தால்? இவருடைய உதடு வெளுத்துக்கொண்டு வந்தது. நெற்றி வேர்வையைத் துடைத்துவிட்டேன்.

மயக்கமருந்து கொடுக்கிற டொக்டர் அப்போதுதான் வந்தார். எங்கள் முகத்தைப் பார்த்து, "தமிழா?" என்றார். மலேசியாக்காரர். இவர் எட்டி அவருடைய கையைப் பிடித்தார்.

"நீங்கள் டொக்டர்தானே? நீங்களே வெட்டிவிடுங்கோ."

"நான் வெட்டினா நீங்க எழும்பவே மாட்டீங்க, அண்ணே. எனக்கு அந்த வேலை தெரியாது."

நான் விஷயத்தைச் சொன்னேன். அவர் கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்தார்.

"முன்னாடி இந்த நாட்டுல டாக்டருங்க யுனிவர்சிட்டியில படிச்சு மருந்து மட்டும்தான் குடுப்பாங்க. உடம்ப வெட்டுறது முடி வெட்டுறவங்களோட வேலை. அவங்க பட்டம் படிக்கல, தொழில் பழகினவங்க. அதனால வெறும் மிஸ்டர். இப்ப சர்ஜனுங்க எல்லாரும் முதல்ல டாக்டருக்குப் படிச்சவங்கதான். அப்புறம் சர்ஜரி பரீட்சையும் பாஸ் பண்ணிட்டா, டாக்டர்ங்கிறத விட்டுட்டு மறுபடி மிஸ்டர்னு போட்டுக்குவாங்க. அது அவங்களுக்குப் பெருமை. பொம்பளைன்னா நிறைய பேர் மிஸ்னு போட்டுக்குவாங்க, கல்யாணம் ஆகியிருந்தாலும்."

"அப்ப அவ டொக்டர்தான்?" என்று இவர் கேட்டார்.

"டாக்டராகி, அதுக்கு மேலயும் படிச்சவங்க. மிஸ்டர் மாஸ்டர்ல இருந்து வந்தது. மிஸ், மிஸ்ட்ரஸ்ல இருந்து. அப்பல்லாம் அது பட்டறையையும் வீட்டையும் ஆளுற பொம்பளைக்குச் சொல்ற மரியாதை. அண்ணே, பேச நேரமில்ல."

இவர் என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். படுத்தபடியே கையெழுத்துப் போட்டார். கட்டிலைத் தள்ளிக்கொண்டு ஓடினார்கள்.

பிறகு தியேட்டர் வாசலில் ஒரு பிளாஸ்டிக் கதிரையில் உட்கார்ந்திருந்தேன். கதவு திறக்கிற ஒவ்வொரு தடவையும் எழும்பினேன்.

கடைசியில் அந்த மிஸ் தொப்பியைக் கழற்றியபடி வந்தா. குடல் கறுக்கத் தொடங்கியிருந்ததாம். அந்தத் துண்டை வெட்டி எடுக்கவேண்டி வருமோ என்று பயந்து, சூடான ஈரத்துணியால் சுற்றி வைத்துப் பார்த்தார்களாம். மெல்ல நிறம் திரும்பியதாம்.

"இன்னும் கொஞ்சம் பிந்தியிருந்தால்?" என்று கேட்டேன்.

அவ பக்கத்துக் கதிரையில் உட்கார்ந்து, நான் அழுது முடிக்கும்வரை காத்திருந்தா.