தபீதாளின் நாற்பத்தைந்து

தபீதாள் கோல்ஃப் ஆட்டத்தைக் கண்ணால் பார்ப்பதற்கு ஐந்து வருஷம் முன்பே அதை டைப் அடிக்கத் தொடங்கிவிட்டாள். பல்லாவரத்தில் ஒரு வெள்ளைக்காரக் கம்பெனியில் அவளுக்கு வேலை. தொழிற்சாலைக்குப் பின்னால், மலையடிவாரத்தில், அதிகாரிகள் ஆடுவதற்கென்று ஒன்பது குழி உள்ள மைதானம் ஒன்று இருந்தது. யார் பந்தை எத்தனை அடி அடித்து ஒன்பது குழியையும் முடித்தார்கள் என்ற பட்டியல் மாதக் கடைசியில் அவள் மேஜைக்கு வரும். கார்பன் வைத்து அடித்து, ஒன்றை நோட்டீஸ் போர்டில் குத்திவிட்டு வருவாள். குறைவான எண் வாங்கியவர்தான் ஜெயித்தவர் என்பது முதலில் அவளுக்கு விசித்திரமாகப் பட்டது. பிறகு, பட்டியலைப் பார்த்தே ஆட்களைச் சொல்லுமளவுக்குத் தேறிவிட்டாள். இன்ஜினியர் ஒருவர் மூன்று வருஷமாக ஐம்பத்திரண்டிலேயே நிற்கிறார் என்பதைக் கவனித்தபோது அவளுக்கு எரிச்சல் வந்தது. எப்படி ஒரு மனுஷன் ஒரே எண்ணில் உட்கார்ந்திருக்க முடியும்?

அவளால் எதிலும் உட்கார முடியாது. தாம்பரத்தில் ரயில் புறப்படும்போது பெண்கள் பெட்டியில் இடம் காலியாகத்தான் இருக்கும். அவள் கதவருகே நின்றபடியே பல்லாவரம் வரை வருவாள். கோயில் ஆராதனையில் பாட்டின் கடைசி அடி முடிவதற்குள் அடுத்த பக்கத்தைப் புரட்டிவிடுவாள். அண்ணன் எட்மண்டின் வீட்டில் இருந்தாள். அண்ணி பியூலா, அவள் காலைத் தரையில் தட்டிக்கொண்டே சாப்பிடுவதைப் பார்த்து, உனக்குள்ளே யாரோ தையல் மிஷின் ஓட்டுகிறார்கள் என்பாள்.

1964-ல் மானேஜர் துரை குடும்பத்தோடு ஊருக்குத் திரும்பினார். கொண்டுபோக முடியாத சாமான்களின் பட்டியலைத் தபீதாள்தான் அடித்தாள். வேண்டியவர்கள் பெயரை எதிரே எழுதிக்கொள்ளலாம். மேஜை, ஐஸ் பெட்டி, திரைச்சீலை எல்லாவற்றுக்கும் ஒரே நாளில் பெயர் விழுந்துவிட்டது. துரைசானியுடைய கோல்ஃப் ஸ்டிக் ஏழு, தோல் பையுடன், என்ற வரி மட்டும் ஒரு வாரம் வெறுமையாகக் கிடந்தது. எட்டாம் நாள் தபீதாள் தன் பெயரை எழுதினாள். அப்போது அவளுக்கு முப்பத்தொரு வயது. ஏன் எழுதினாய் என்று பியூலா பிற்பாடு பல முறை கேட்டாள். அந்த வரி காலியாக இருந்ததைத் தாங்க முடியவில்லை என்று சொன்னால் யார் நம்புவார்கள்?

புது மானேஜராக வந்தவர் கஸ்தூரிரங்கன். அந்த நாற்காலிக்கு வந்த முதல் இந்தியர். எதையும் விதிப் புத்தகத்தைப் பார்த்தே செய்வார். மைதானத்தில் ஆட அனுமதி கேட்டுத் தபீதாள் அவர் முன் நின்றாள். அவர் புத்தகத்தை எடுத்துப் புரட்டினார். அதிகாரிகளும் அவர்கள் குடும்பத்தாரும் ஆடலாம் என்று இருந்தது. டைப்பிஸ்ட் ஆடக்கூடாது என்று எங்கும் இல்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். காலை ஏழரைக்கு முன்னால், வேலை நாட்களில் மட்டும் என்றார். யாராவது கேட்டால் தனக்கு எதுவும் தெரியாது என்றும் சேர்த்துக்கொண்டார்.

அன்றிலிருந்து அவள் விடிகாலை ரயிலுக்கு மாறினாள். மைதானம் என்று பேர்தான், புல் கிடையாது. செம்மண்ணும் சரளைக்கல்லும், நடுநடுவே பனைமரமும். குழியைச் சுற்றி வட்டமாக மணலைக் கொட்டி, பழைய இன்ஜின் எண்ணெய் ஊற்றிக் கெட்டியாக்கியிருப்பார்கள். அதற்குப் பிரவுன் என்று பெயர். பந்தை அதில் உருட்டுவதற்கு முன், காலடித் தடத்தையெல்லாம் கோணியால் இழுத்துச் சமன்படுத்த வேண்டும். அந்த வேலையைப் பார்த்தவன் சுப்பராயலு. அவனுக்கும் அவள் வயதுதான் இருக்கும்.

முதல் மூன்று மாதம் பந்து தரையை விட்டு எழும்பவே இல்லை. ஸ்டிக்கை ஓங்கினால் முந்தானை குறுக்கே வரும். ஊக்கு குத்தினால் ஜாக்கெட் கிழியும். கடைசியில் பியூலாதான், திட்டிக்கொண்டே, எட்மண்டின் பழைய பெல்ட்டை எடுத்து முந்தானைக்கு மேலே இறுக்கிக் கட்டிவிட்டாள். சேலையைக் கணுக்காலுக்கு மேலே ஏற்றிக் கட்டி, கான்வாஸ் ஷூ போட்டுக்கொண்டு தபீதாள் தெருவில் நடக்கும்போது எதிர்வீட்டு ஜன்னல் திறக்கும். அதைப் பற்றிக் கவலைப்பட அவளுக்கு நேரம் இருக்கவில்லை.

கம்பெனி கொடுத்த 1965 டைரியின் முதல் பக்கத்தில், புத்தாண்டு ஆராதனை முடிந்து வந்ததும், ஒரு வரி எழுதினாள்: பந்து மூன்றாம் குழிப் பனையைத் தாண்ட வேண்டும். ஜூலையில் தாண்டியது. அன்று முழுக்க ஆபீசில் அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. மறுநாள் காலையில் அந்தச் சந்தோஷத்தைத் தேடினால் காணோம். அது இருந்த இடத்தில் அடுத்த ஆசை வந்து உட்கார்ந்திருந்தது. அடுத்த வருஷம் ஒன்பது குழிக்கு எழுபது அடி என்று எழுதினாள். அதற்கடுத்த வருஷம் அறுபது. எழுதியது நடக்கும், நடந்த மறுநாளே மனசு பரபரக்கத் தொடங்கிவிடும்.

சுப்பராயலு வழக்கமாக எதுவும் சொல்லமாட்டான். ஒருநாள் அவள் தொடர்ந்து ஐந்து பந்தை முள்வேலிக்குள் அனுப்பியதைப் பார்த்துக் கோணியைக் கீழே போட்டான்.

"டைப்பிஸ்டம்மா, ஒண்ணு சொன்னா கோச்சிக்காதீங்க. அடிக்கச் சொல்லோ நீங்க பந்தப் பாக்கறதே இல்ல. அது எங்க போவப்போவுதுன்னு முன்னாடியே பாத்துக்கினு கீறீங்க. அதான் கோணிக்கினு போவுது."

அவளுக்குச் சுருக்கென்றது. பந்தைப் பற்றி மட்டும் சொன்னதாக அவளால் எடுத்துக்கொள்ள முடியவில்லை. ஆனால் மறுநாளிலிருந்து, பந்து கிளம்பிப்போன பிறகும் அது கிடந்த இடத்தையே பார்த்துக்கொண்டு நிற்கப் பழகினாள். அதைவிடக் கஷ்டமான காரியம் எதையும் அவள் செய்ததில்லை. 1967 முடிவதற்குள் ஐம்பத்தொன்றுக்கு வந்தாள். ஐம்பத்திரண்டில் நின்ற இன்ஜினியரைத் தாண்டியாயிற்று. அவள் பெயர் பட்டியலில் ஏறாது என்பதால் அது அவளுக்கும் சுப்பராயலுவுக்கும் மட்டும் தெரியும்.

1968 ஜனவரியில் எழுதிய எண் நாற்பத்தைந்து. ஒரு குழிக்கு ஐந்து அடி. அதிகாரிகளிலேயே நாலு பேர்தான் அதற்குள் முடிப்பார்கள்.

அந்த வருஷம்தான் வேதசிரோமணி வந்தார். குரோம்பேட்டையில் பள்ளி ஆசிரியர்; மனைவி இறந்து இரண்டு வருஷம்; இரண்டு பெண் குழந்தைகள். எட்மண்டுக்குச் சபையில் பழக்கம். மூன்று ஞாயிற்றுக்கிழமை வந்து காபி குடித்துவிட்டுப் போனார். மெதுவாகப் பேசுவார், கேட்டதற்குப் பதில் வரும் வரை காத்திருப்பார். தபீதாளுக்கு அவரைப் பிடித்திருந்தது. அவர் எதிரில் உட்கார்ந்திருக்கும்போது அவள் கால் தட்டவில்லை என்பதைப் பியூலா கவனித்து எட்மண்டிடம் சொன்னாள். நாலாவது ஞாயிறு இருவரையும் முன்னறையில் விட்டுவிட்டு அவர்கள் உள்ளே போனார்கள். அவர் கோல்ஃபைப் பற்றித்தான் கேட்டார். அவள் டைரியைக் காட்டினாள்.

"இந்த நாப்பத்தஞ்சு வந்துடுச்சுன்னா அப்புறம் விட்டுடுவீங்களா?" என்றார்.

"தெரியல சார்."

"நாப்பத்துநாலுன்னு ஆரம்பிச்சுடுவீங்க, இல்ல?"

"ஆமா. ஆரம்பிச்சுடுவேன்னுதான் நெனைக்கிறேன்."

அவர் சிரித்தார். கேலி இல்லாத சிரிப்பு. டைரியை மூடி அவள் கையில் கொடுத்துவிட்டு, "எனக்குக் காலைல வீட்ல இருக்கற ஆள் வேணும்மா. புள்ளைங்களுக்குத் தலை பின்னணும்," என்றார்.

விட்டுவிடுகிறேன் என்ற வார்த்தை அவள் தொண்டை வரை வந்தது. அவரும் கொஞ்ச நேரம் காத்திருந்தார். அந்த வார்த்தை வெளியே வரவில்லை. அவர் குடையை எடுத்துக்கொண்டு எழுந்தார். பிறகு வரவில்லை. ஆறு மாதத்தில் அவருக்கு வேறு இடத்தில் கல்யாணமாயிற்று. தபீதாள் பரிசாக ஒரு மேஜை விரிப்பு கொடுத்தனுப்பினாள். அந்த ஆறு மாதமும் அவள் ஆட்டம் ஐம்பத்தெட்டு, அறுபது என்று கிடந்தது. எட்மண்ட் அவளிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. செய்தது சரியா என்று ரயிலில் கேட்டுக்கொள்வாள், பல்லாவரம் வந்துவிடும், இறங்கி நடப்பாள்.

கஸ்தூரிரங்கனின் மனைவி வேதா 1970-ல் ஆட்டம் கற்றுக்கொள்ள ஆரம்பித்தாள். ஆபீஸ் பெண் ஒருத்தி தினமும் ஆடுகிறாள் என்று சுப்பராயலு மூலம் தெரிந்ததும், சனிக்கிழமைகளில் தன்னோடு ஆட வரச் சொன்னாள். முதல் ஆட்டத்தில் வேதா எண்பது, தபீதாள் நாற்பத்தொன்பது. இவள் பெயரும் பட்டியலில் ஏற வேண்டும் என்று வேதா அன்றைக்கே வீட்டில் சண்டை போட்டாள். அடுத்த மாதப் பட்டியலில் தபீதாள் தன் பெயரைத் தானே டைப் அடித்தாள். விரல் தப்பி எழுத்துப் பிழையாயிற்று. முழுப் பக்கத்தையும் கிழித்துவிட்டு மறுபடி அடித்தாள்.

அதற்கப்புறம் எண் இறங்க மறுத்தது. நாற்பத்தெட்டு, நாற்பத்தேழு. 1972-ல் ஒரு தடவையும் 1973-ல் இரண்டு தடவையும் நாற்பத்தாறு. மூன்று முறையும் கடைசிக் குழியில் ஒரு சின்ன உருட்டல் தவறியது. புத்தாண்டு வரும், அதே எண்ணை மறுபடி எழுதுவாள். ஒரே எண்ணில் உட்கார்ந்திருந்த அந்த இன்ஜினியரை இப்போது நினைத்தால் எரிச்சல் வரவில்லை. அவர் என்ன பாடுபட்டாரோ என்றிருந்தது.

1974 ஜனவரியில் ஒரு சர்க்குலர் அவள் மேஜைக்கு வந்தது. புதுக் கிடங்கு கட்டுவதற்காக ஏப்ரல் முதல் தேதி மைதானம் எடுத்துக்கொள்ளப்படும். பன்னிரண்டு பிரதி அடித்தாள். கடைசிப் பிரதியை உருளையிலிருந்து இழுக்கும்போதே நாட்களை எண்ணிவிட்டாள். எண்பத்துச் சொச்சம்.

அந்த நாட்களில் அவள் ஆடிய ஆட்டத்தை ஆட்டம் என்று சொல்ல முடியாது. காலையில் ஒன்பது குழி, ஆபீஸ் விட்டதும் இருட்டும்வரை மறுபடி ஒன்பது. கை கொப்பளித்தது, பியூலா துணி கிழித்துச் சுற்றிவிட்டாள். அதோடும் போனாள். ஐம்பத்திரண்டு, ஐம்பத்தைந்து, ஐம்பத்தொன்று. பந்தைப் பார்ப்பதை விட்டுவிட்டு மறுபடி அது போகும் இடத்தையே பார்த்தாள். தெரிந்தும் கழுத்தை நிறுத்த முடியவில்லை. மீனம்பாக்கத்தில் இறங்கும் விமானம் தலைக்கு மேலே போனால் அதன்மேல்கூடக் கோபம் வந்தது.

மார்ச் முப்பத்தொன்று ஞாயிறு. கோயிலுக்குப் போகாமல் மைதானத்துக்கு வந்தாள். மூன்றாம் குழிப் பக்கம் மண் தள்ளும் வண்டி வந்து நின்றிருந்தது. சுப்பராயலு கடைசி முறையாகக் கோணியை இழுத்து வைத்திருந்தான். அவனுக்குக் கிடங்கில் வாட்ச்மேன் வேலை என்று சொல்லியிருந்தார்கள். அன்று அவள் நாற்பத்தேழு அடியில் முடித்தாள். ஒன்பது வருஷத்துக்கு மேல் உழைத்தும் இரண்டு அடி மிச்சம். சுப்பராயலுவைப் பார்க்காமல், ஒன்பதாம் குழியிலிருந்து பந்தை எடுத்துத் துடைத்தாள்.

"மூணு மாசத்துல இன்னிக்குத்தான் நல்லா அட்சீங்க," என்றான் அவன்.

"ரெண்டு கூடிப்போச்சே சுப்பராயலு."

"அது கீது வுடுங்க. பந்தப் பாத்து அட்சீங்க இன்னிக்கி."

ஸ்டிக் பையை அன்றுதான் முதல் முதலாக வீட்டுக்கு எடுத்துப்போனாள். ரயில் பெட்டியில் எதிரே உட்கார்ந்திருந்த கீரைக்காரி அம்மணி, "இன்னாம்மா அது, இம்மாம் குடை?" என்று கேட்டாள். தபீதாள் சொல்லிப் பார்த்தாள். பந்தைக் குழியில் போடுவதற்கா இத்தனை இரும்பு என்று அம்மணி வியந்துவிட்டு, தாம்பரத்தில் இறங்கும்போது பையை ஒரு கை பிடித்துக்கொடுத்தாள்.

ஒரு வருஷம் பை கட்டிலுக்குக் கீழே கிடந்தது. தபீதாள் சபையில் பெண்கள் சங்கக் கணக்கைப் பார்த்தாள், இந்தி படித்தாள், இரண்டையும் பாதியில் விட்டாள். பியூலாவே பொறுக்க மாட்டாமல் வேதாவுக்குக் கடிதம் எழுதினாள். கஸ்தூரிரங்கன் கிண்டிப் பக்கத்தில் ஒரு கிளப்பில் உறுப்பினர். வேதா இவளை அங்கே விருந்தாளியாக அழைத்துப் போகலாம்.

அங்கே குழியைச் சுற்றிப் பச்சைப் புல். தபீதாள் அதைக் குனிந்து தொட்டுப் பார்த்தாள். எண்ணெய் மணலில் பந்து நின்றுவிடும், ஓங்கித் தட்ட வேண்டும். அந்தப் பழக்கத்தில் தட்டினால் புல்லில் அது குழியைக் கடந்து மறுபக்கம் ஓடியது. அங்கிருந்து தட்டினால் இந்தப் பக்கம் ஓடியது. ஒரே குழியில் ஐந்து தடவை உருட்டினாள். ஒன்பது குழிக்கு அறுபத்து மூன்று. வேதா தண்ணீர் கொடுத்தாள். தபீதாளுக்கு உள்ளே பழைய தையல் மிஷின் ஓடத் தொடங்கியிருந்தது. அடுத்த சனிக்கிழமை எத்தனை மணிக்கு என்று கேட்டாள்.

வீட்டுக் கூடத்தில் ஜமக்காளத்தை விரித்து, ஒரு டம்ளரைச் சாய்த்து வைத்து, தினம் நூறு தடவை மெதுவாக உருட்டிப் பழகினாள். எட்மண்ட் பத்திரிகை படித்தபடியே காலைத் தூக்கி வழிவிடுவான். ஒருநாள் அவனும் ஒரு தடவை தட்டிப் பார்த்தான்.

1976 பிப்ரவரியில் அந்தக் கிளப்பில் பெண்களுக்கு ஒரு போட்டி நடந்தது. அவரவர் தரத்துக்குத் தக்கபடி சில அடிகளைக் கழித்துக்கொண்டு பார்க்கும் போட்டி, விருந்தாளிகளும் சேரலாம். இருபத்திரண்டு பேரில் சேலையும் பெல்ட்டுமாக ஆடியவள் தபீதாள் ஒருத்திதான். முதல் ஒன்பது குழியில் நாற்பத்தெட்டு, அடுத்த ஒன்பதில் நாற்பத்து நாலு. கூட ஆடிய அம்மாள் அட்டையில் எண்ணை எழுதிக் கையெழுத்துப் போட்டு நீட்டினாள். தபீதாள் கூட்டிப் பார்த்தாள், மறுபடி கூட்டிப் பார்த்தாள். எட்டு வருஷமாக எழுதிய எண்ணை ஒன்று தாண்டிவிட்டது. வேதசிரோமணி அன்றே சொன்ன நாற்பத்துநாலு. அவர் முகம் ஒரு கணம் வந்தது. அந்தக் குழந்தைகளுக்கு இப்போது தாங்களே தலை பின்னிக்கொள்ளும் வயசாகியிருக்கும் என்று தோன்றியது.

இரண்டாம் பரிசு அவளுக்கு. கிளப் தாழ்வாரத்தில் தேநீரும் கேக்கும் வைத்து, பெயர்களை வாசிக்கத் தொடங்கினார்கள். வேதா சுற்றுமுற்றும் பார்த்தாள், ஆளைக் காணோம். தேடிக்கொண்டு வெளியே வந்தவள், பயிற்சிக்கென்று விட்டிருந்த சின்னப் புல்தரையில் தபீதாள் தனியாக நிற்பதைக் கண்டாள். பதினான்காம் குழியில் உருட்டல் தவறிய அதே தூரத்தை அடியளந்து, நாலு பந்தை வரிசையாக வைத்திருந்தாள்.

"தபீதா, உன் பேரக் கூப்பிடறாங்க. வா."

"இதோ வரேன் மேடம்," என்றாள், பந்திலிருந்து கண்ணை எடுக்காமல். "இன்னும் ரெண்டே ரெண்டு."