பத்துக்கு ஆறு

போன வருடம் ஆடி மாதம், கும்மிடிப்பூண்டிக்குப் பக்கத்தில் நான் வேலை பார்க்கும் பொறியியல் கல்லூரியின் லேபில் நடந்தது இது. நான் மெக்கானிக்கல் வாத்தியார். எனக்குக் கொஞ்சம் சந்தேக புத்தி. கொஞ்சம் என்ன, பால் பாக்கெட்டைக்கூட நாலு தடவை அமுக்கிப் பார்த்துத்தான் வாங்குவேன். "உங்களுக்குப் போலீஸ் வேலை குடுத்திருக்கணும்" என்று வீட்டில் தினமும் பாட்டு கேட்கிறவன்.

அப்படிப்பட்டவனிடம் போய், மூன்றாம் வருடப் பிள்ளைகளுக்கு செயற்கை நுண்ணறிவின் அடிப்படைகளை நடத்தச் சொன்னார்கள். லேத்தையும் வெல்டிங்கையும் தவிர வேறொன்றும் அறியாத நான், லீவு முழுக்க வீடியோ பார்த்துக் கற்றுக்கொண்டேன். படங்களைக் காட்டி, 'இது நல்லது, இது கெட்டது' என்று சொல்லிக்கொடுத்தால், அப்புறம் புதுப் படத்தைக் கம்ப்யூட்டர் தானே தரம் பிரிக்குமாம். எனக்கென்னவோ இதில் ஏதோ தில்லுமுல்லு இருக்கிறது என்றே பட்டது.

என்னோடு படித்தவன் ஒருவன், தொழிற்பேட்டையில் இரும்பு வார்க்கும் கம்பெனியில் தரப் பரிசோதனை பார்க்கிறான். அவனிடம் நாற்பது வார்ப்புத் துண்டுகள் இரவல் வாங்கினேன். இருபது நல்லவை. மற்ற இருபதில் எங்காவது ஓர் ஓட்டை இருக்கும். ஓட்டையைக் கண்டுபிடித்தால் அதைச் சுற்றி மஞ்சள் சாக்பீஸால் வட்டம் போட்டு, 'ரிஜெக்ட்' என்று ஒதுக்குவது அங்கே வழக்கம்.

"வட்டத்தோட தர்றேன், வட்டத்தோடயே திரும்பி வரணும். நல்லதோட கலந்துச்சு, நான் தொலைஞ்சேன்" என்றான். கூடவே ஒரு ஆசையும் காட்டினான். யாருடைய கம்ப்யூட்டர் பத்துக்கு எட்டையாவது சரியாகச் சொல்கிறதோ, அவர்களில் நாலு பேருக்கு அவன் கம்பெனியில் ஒரு மாதப் பயிற்சி. அப்படியே வேலைக்கும் வாய்ப்பு உண்டு.

பிள்ளைகள் முறை வைத்துக்கொண்டு, ஒவ்வொருவரும் நாற்பதையும் செல்போனில் படமெடுத்தார்கள். முப்பது துண்டுகளைக் காட்டிக் கற்றுக்கொடுத்து, மீதிப் பத்தில் சோதித்தார்கள். முக்கால்வாசிப் பேருக்குப் பத்துக்குப் பத்து, மற்றவர்களுக்கு ஒன்பது. சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. எதையும் நம்பாத நான், இதை மட்டும் அப்படியே நம்பினேன்.

ஒரே ஒரு பெண்ணுக்குத்தான் ஆறு. கவரைப்பேட்டைப் பக்கமிருந்து ரயிலில் வருகிறவள். கடைசி பெஞ்ச், மூன்று அரியர். அவளுடைய படங்களைத் திறந்து பார்த்தேன். ஒரு படத்தில்கூட மஞ்சள் வட்டம் இல்லை! ஓட்டை தெரிகிறதா என்றுகூட உற்றுப் பார்க்காமல், சரிதான், ரிஜெக்ட் துண்டுகளைத் தொடவே இல்லை, நல்லதையே இரண்டு தடவை எடுத்து ஏமாற்றியிருக்கிறாள் என்று முடிவு கட்டிவிட்டேன்.

மறுநாள் எல்லார் எதிரிலும் அவளை நிற்க வைத்துக் கேட்டேன்.

"இல்ல சார்... வட்டத்த தொடச்சிட்டு எடுத்தேன் சார்."

"யார்கிட்ட கதை விடறே? நேத்து சாயங்காலம்கூட இருபதுலயும் வட்டத்தைப் பார்த்தேனே!"

"எடுத்து முடிச்சிட்டு நானே திரும்ப போட்டேன் சார். எங்கப்பாவும் வார்ப்பு கம்பெனிலதான் கீறாரு. சட்டப் பாக்கெட்ல மஞ்ச சாக்பீஸ் எப்பவும் இருக்கும். அத்த எடுத்துக்கினு வந்தேன்."

பொய்யைக்கூட எவ்வளவு கோர்வையாகச் சொல்கிறாள் என்றுதான் எனக்குத் தோன்றியது. ஏமாற்று வேலை என்று நான் எழுதிக் கொடுத்தால், அந்த வருடம் எந்தக் கம்பெனிக்கும் அவளை அனுப்ப மாட்டார்கள். தெரிந்தேதான் பேப்பரை எடுத்து எழுத ஆரம்பித்தேன்.

"எழுதாதீங்க சார்!" என்று கிட்டத்தட்டக் கத்தினாள். கண்ணில் தண்ணீர். "அச்சுலேந்து புதுசா வர்ற பீஸ்ல வட்டம் யாரு சார் போட்டு வச்சிருப்பாங்க? ஓட்டையக் கண்டுபுடிச்ச பின்னாடிதானே வட்டம்? வேணும்னா நல்ல பீஸ் ஒண்ணுல வட்டம் போட்டு மத்தவங்க கம்ப்யூட்டர்ல காட்டிப் பாருங்க சார்."

அப்போதும் நம்பவில்லை. இவளை வசமாக மடக்கலாம் என்றுதான், பத்துக்குப் பத்து வாங்கிய பையனின் லேப்டாப்பை வாங்கி மேஜையில் வைத்தேன். ஒரு நல்ல துண்டில் அவள் தந்த சாக்பீஸால் வட்டம் போட்டுக் கேமராவில் காட்டினேன். 'ரிஜெக்ட்' என்றது.

"இன்னாடா இது!" என்றான் அந்தப் பையன்.

சுண்டுவிரல் நுழையும் அளவுக்கு ஓட்டை இருந்த துண்டு ஒன்றை எடுத்து, வட்டத்தைத் துடைத்துவிட்டுக் காட்டினேன். 'நல்லது' என்றது. கடைசியாக என் உள்ளங்கையிலேயே வட்டம் போட்டு நீட்டினேன்.

'ரிஜெக்ட்.'

"சார், நீங்களும் ரிஜெக்ட் சார்!" என்று எவனோ கத்த, வகுப்பே கொல்லென்று சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஓட்டையைக் கண்டுபிடிக்கக் கற்றுக்கொடுத்ததாக நாங்கள் நினைத்துக்கொண்டிருக்க, அந்தக் கம்ப்யூட்டர்கள் எல்லாம் சாக்பீஸை மட்டும் பார்த்துப் பத்து வாங்கியிருந்தன. அவளுடையது ஒன்றுதான் இரும்பைப் பார்த்தது. அதனால்தான் ஆறு.

எழுதிய பேப்பரைக் கிழித்துப் போட்டேன். "தப்பு என்னோடதும்மா, மன்னிச்சிடு" என்று அத்தனை பேர் எதிரிலும் சொன்னேன். துப்பட்டாவால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "பரவால்ல சார்" என்றாள். கொஞ்சம் தயங்கிவிட்டு, "ஆனா எட்டு வரலியே சார், ட்ரெய்னிங்குக்கு நான் போவ முடியாதில்ல?" என்றாள்.

அங்கேயே நண்பனுக்குப் போன் போட்டு, என் அசட்டுத்தனத்தை ஒன்று விடாமல் சொன்னேன். வயிறு வலிக்கச் சிரித்தான். "டேய், மத்த மூணு பேரை அப்புறம் பார்த்துக்கலாம். அந்தப் பொண்ணை முதல்ல அனுப்பு" என்றான்.

அவள் பெயரை எழுத என் மார்க் நோட்டைத் திறந்தேன். அரியர் வைத்திருக்கும் பிள்ளைகளின் பெயரைச் சுற்றி, செமஸ்டரின் முதல் நாளே சிவப்பு மையால் வட்டம் போட்டு வைப்பது என் பல வருட வழக்கம். அவள் பெயரைச் சுற்றியும் இருந்தது. இத்தனை நாளும் அந்த வட்டத்தைத் தவிர அவளிடம் நான் வேறெதையும் பார்க்கவே இல்லை.

சந்தேக புத்தி என்னை விட்டு இன்னும் போகவில்லை. ஆனால் இப்போதெல்லாம் ஒரு பிள்ளை மேல் சந்தேகம் வந்தால், அது அந்தப் பிள்ளையைப் பார்த்து வந்ததா, நான் போட்ட வட்டத்தைப் பார்த்து வந்ததா என்று முதலில் என்னையே ஒரு தடவை சந்தேகப்பட்டுக்கொள்கிறேன்.